எல்லாரும் தொட்ட கலயம்

எங்கள் ஊர்க் கள்ளுக்கடையை ஊரே பங்கு போட்டு விலைக்கு வாங்கியது. அந்தச் சில மாதங்களைப் போல நான் வேறு எப்போதும் துள்ளிக்கொண்டு திரிந்ததில்லை. அதே மாதங்களில்தான் ஒரு பெண்ணுக்குச் செய்யக் கூடாத ஒன்றையும் செய்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஆந்திரப் பக்கத்துக் கங்காதர நெல்லூரிலிருந்து உள்ளே போகும் ரோடு, தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பனந்தோப்பை ஒட்டி வளையும். அந்தத் தோப்புக்குள்தான் கடை. ஒரு ஓட்டுக் கொட்டகை, நான்கு பெஞ்சு, வாசலில் கருவாடும் வேகவைத்த கடலையும் விற்கும் பெண்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கள் இறக்கத் தடை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் சைக்கிளில் சாரை சாரையாக வருவார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமா, வெல்லம் காய்ச்ச ஆள் வேண்டுமா, லாரிக்கு லோடு வேண்டுமா, பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டுமா, எல்லாம் அங்கேதான் பேசி முடியும். எங்கள் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிப் போக ஆரம்பித்த காலம் அது. யார் எங்கே இருக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரியும் முன்பே கடைக்குத் தெரிந்துவிடும்.

கடையை நடத்தியவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது. மரமேறிக் குடும்பம். கணவர் இறந்த பிறகு தம்பி மரம் ஏறுவார், அக்கா ஊற்றுவார். தோப்பும் கொட்டகையும் அவருடையவை அல்ல. தோப்புக்காரருக்குக் குத்தகை கட்டி நடத்திக்கொண்டிருந்தார். வாய் மட்டும் சொந்தம்.

"டேய், போதும். இன்னொண்ணு கேட்டினா உன் பொண்டாட்டிய இங்கயே கூப்ட்டு வுட்ருவேன். வூட்டுக்குப் போய் சோறு துன்னு" என்பார். கேட்டவன் எழுந்து போய்விடுவான்.

நான் அப்போது சித்தூரில் கூட்டுறவு ஆபீசில் எழுத்தராக இருந்தேன். நிலமில்லாத கூலித் தெருவிலிருந்து திருப்பதிக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் லாரி ஹாரன் விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தால் என் தங்கையின் கணவர். லாரி டிரைவர். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு கத்தினார்.

"மச்சான்! தோப்ப விக்கறாங்க! திருப்பதிலேர்ந்து ஆளு வந்து டேப்பு புடிச்சு அளந்துக்கினு கீறான்! மரத்தயெல்லாம் சாய்ச்சிட்டு பிளாட்டு போடறானாம்!"

"மெதுவா பேசு மாப்ள, இது ஆபீசு."

"ஆபீசுல கள்ளு கெடைக்குமா உனுக்கு?"

என் மேலதிகாரிகூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் வேறு ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. நான்கு பேர் கூடிப் பாலுக்கும் கரும்புக்கும் சங்கம் வைக்க எனக்குத் தெரியும். கள்ளுக்கடைக்கு வைத்தால் என்ன? தோப்பையும் கொட்டகையையும் சங்கம் வாங்கட்டும். கள் இறக்கும் உரிமம் ஏற்கெனவே அக்காவின் தம்பியிடம் இருக்கிறது. அதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, லாரியின் பானெட்டைத் தட்டித் தட்டி அதுதான் அதுதான் என்று குதித்தார்.

அன்று மாலையே இருவரும் தோப்புக்காரர் வீட்டுக்குப் போனோம். வயதானவர். மகன் அமெரிக்காவில். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்.

"நான் ஏமி செய்யறதுப்பா? பையன் போன்ல அம்மேயி, அம்மேயின்னு ஒரே கூச்சல். வித்துருன்றான். திருப்பதி பார்ட்டி அட்வான்சோட நிக்கறான். கூலிக்குப் போறவங்க நீங்க, மீரு எட்லா கொண்டாரு?"

எப்படி வாங்குவீர்கள் என்று கேட்கிறார். மாப்பிள்ளை சொன்னார்: "கூலிக்குப் போறவங்க எத்தினி பேரு கீறோம்னு நீங்க எண்ணிப் பாத்ததில்ல சார்."

நான் அவசரமாகக் குறுக்கிட்டு, "சார், கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஊர் அம்மன் கங்கம்மாவின் ஜாத்திரைத் திருவிழாவுக்குள் பாதிப் பணம் வந்தால் எங்களுக்கு, இல்லையென்றால் திருப்பதிக்காரருக்கு என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது மாப்பிள்ளை இருட்டில் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

முதல் எதிர்ப்பு, கடை வாசலில் கருவாடு பொரித்து விற்றுக்கொண்டிருந்த என் தங்கையிடமிருந்தே வந்தது. "ஒயிஞ்சி போவட்டும் வுடுங்க. குடிக்கறதுக்கு சங்கம் வேறயா?" என்றாள். ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பிராந்திக் கடை திறந்திருந்தது. தெருவில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். "கள்ளுன்னா வயிறு ரொம்பினதும் நிறுத்திடுவாங்க. அக்காவும் தொரத்திடும். அந்த ரோட்டுக் கடைக்காரன் தொரத்துவானா?" என்று கேட்டுவிட்டு, தன் பெயரில் ஒரு பங்கு எழுதச் சொன்னாள். புருஷன் பெயரில் அல்ல, தன் பெயரில். அதைப் பார்த்துக் கருவாடு விற்கும் மற்றப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

பிறகு திருப்பதி. அங்கே பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் புதிது புதிதாக லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சாரங்களின் மேல்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கட்டடத்தின் அடியில் லாரியை நிறுத்தி, மேலே பார்த்துக் கூவினார்.

"டேய், கள்ளுக்கடைக்கு ஓனர் ஆவணும்னா எறங்கி வாங்கடா!"

"எந்தக் கடைக்கு?" என்று மேலே இருந்து ஒரு குரல்.

"நம்ம அக்கா கடைக்குத்தான்!"

"அக்காவயா விக்கறாங்க? யாருடா வாங்கறவன், உயிரோட கீறானா?"

"இரு, இத்த அப்படியே அக்காவாண்ட சொல்றேன்!"

"ஐயோ வேணாம்ணா, ரெண்டு ஷேரா எழுதிக்க!"

சாரத்திலிருந்து ஆட்கள் குரங்குகள் போல இறங்கி வந்தார்கள். வேலை நின்றதற்கு மேஸ்திரி தெலுங்கில் வண்டை வண்டையாகத் திட்டினார். விஷயம் என்ன என்று கேட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, தானும் சேரலாமா என்றார். அவர் ஏர்பேட்டுக்காரர்.

"ஏர்பேட்லேர்ந்து இம்மாந்தூரம் வந்து குடிப்பீங்களா?"

"கள்ளு பாகுந்தா? நல்லா இருந்தா வஸ்தானு, வரேன்" என்றார் மேஸ்திரி. மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். சிமெண்ட் அப்பிய கை.

குவைத்தில் டிரைவராக இருந்த எங்கள் தெருப் பையன் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்தான். பூத்துக்குள் நான், வெளியே கண்ணாடியை ஒட்டிக்கொண்டு ஊர். பங்கைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். "அதெல்லாம் சரிண்ணா, அக்கா கீறாங்களா? அவங்களாண்ட குடு" என்றான். அக்கா ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"டேய், துன்னியாடா?"

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. "இன்னாடா அழுவற? பொட்டச்சி மாறி! ஒழுங்கா துன்னு. வந்தினா உனுக்குன்னு ஒரு கலயம் எடுத்து வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை என்னிடம் தள்ளிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவன் எத்தனை பங்கு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளச் சொன்னான்.

இப்படித்தான் பணம் வந்தது. எல்லோரும் தோப்பைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை நான் கவனித்தேன். கவனித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டுப் பங்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா வந்தார். முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் விபூதி வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"தம்பி, எனுக்கும் ஒண்ணு எழுதிக்கோ."

"நீங்க சேர முடியாதுக்கா."

"ஏன்?"

"கடையில வேல செய்யறவங்க மெம்பர் ஆவக் கூடாது. கணக்கு குடுக்கறவங்களே கணக்கு கேக்கற எடத்துல உக்கார முடியாதில்ல. சட்டம் அப்படி."

அக்கா, "நான் வேல செய்யறவளா?" என்றார்.

"இப்போதைக்கு அப்படித்தான்க்கா."

"சட்டம்னா இன்னா பண்றது. நீ படிச்சவன், உனுக்குத் தெரியும்" என்று முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டு, நேராகக் கடையைத் திறக்கப் போனார்.

அப்படி ஒரு சட்டம் இல்லை. எங்கள் சங்கத்துக்கு அப்படி ஒரு விதியும் நான் எழுதவில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அந்தக் கடையில் எங்கள் தெரு ஆட்களுக்கு வெகுகாலம் கிளாஸ் கிடையாது. கொட்டகைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடித்த பனையோலையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், சாகும் வரை அப்படித்தான் குடித்தார். பிறகு கூலித் தெருக்காரர்கள் கையிலும் நாலு காசு புரள ஆரம்பித்தபோது, யாரும் எதுவும் பேசாமலே ஓலை போய்க் கிளாஸ் வந்தது. ஆனால் நைனாவின் ஓலையில் ஊற்றிய கை அக்காவுடையது. அது தோப்புக்காரர் வைத்த முறை, மீறினால் குத்தகை போய்விடும், அக்காவும் குழந்தைகளும் தெருவில் நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். முறையை வைத்தவர் முன்னால் சார் சார் என்று கைகட்டி நின்றேன். ஊற்றியவரிடம் சட்டம் பேசினேன். அவர் முடிச்சைப் போட்டுக்கொண்டு போனபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஜாத்திரைக்குச் சில நாட்கள் முன்பே பாதிப் பணம் சேர்ந்துவிட்டது. மீதிக்குத் தோப்புக்காரர் அறுவடை வரை அவகாசம் கொடுத்தார். பத்திரம் பதிந்து ஊருக்குள் வந்தபோது லாரிக்கு முன்னால் தப்பு அடித்தார்கள். கூலிக்குப் போய் அறுத்துக் கட்டிய நிலமெல்லாம் பிறத்தியாருடையதாக இருந்த எங்களுக்கு, முதன்முதலாக ஒரு தோப்பு. கிழவர்கள் மரம் மரமாகப் போய்த் தட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு மரத்துக்கும் "நீ எனுது, நீ எனுது" என்று சொல்லிக்கொண்டே போக, என் தங்கை பின்னாலேயே "அதுல பாதி எனுது" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

ஜாத்திரை அன்று காலையில் தோப்பின் முதல் கலயம் கங்கம்மாவுக்குப் போகும். இது பழைய வழக்கம். தோப்புக்கு உடையவர் கலயத்தைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். தோப்புக்காரர் கள்ளுப் பானையைக் கையால் தொட மாட்டார். வேப்பங்கொத்தால் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். பிறகு அக்கா அதைச் சுமந்துகொண்டு போய், அம்மனைச் சுற்றி வந்து மெல்லிய தாரையாக ஊற்றுவார். அதன் பிறகே ஊரில் யாரும் வாய் வைப்பார்கள்.

இப்போது உடையவர் யார்? எல்லோரும்தான். அதனால் எல்லோரும் தொட வேண்டும் என்று ஆகிவிட்டது. அக்கா கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, ஊர் வரிசையில் வந்து தொட்டது. திருப்பதியிலிருந்து சாரக்காரர்கள் வந்திருந்தார்கள். ஏர்பேட்டு மேஸ்திரி வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். குவைத்துக்காரனுக்காக அவன் அம்மா இரண்டு முறை தொட்டாள். "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். "எம் புள்ள ரெண்டு ஷேருடா!" என்றாள் அவள். வெளியே உட்கார்ந்து குடித்த கிழவர்கள் உள்ளங்கை முழுவதையும் பானையில் பதித்து, எடுக்க மனமில்லாமல் நின்றார்கள். எனக்குக் கண்ணீர் முட்டியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கடைசி ஆள் வரை கலயத்தைக் கீழே வைக்கவில்லை.

வரிசை முடிந்ததும் அக்கா வழக்கம்போல அம்மன் பக்கம் திரும்பினார். யாரோ சொன்னார்கள்: "இரு இரு, சங்கத் தலைவர் இல்ல ஊத்தணும்?"

தலைவர் மாப்பிள்ளை. அவர் இரண்டு அடி பின்னால் போனார். "ஐயோ, எனுக்குக் கை நடுங்கும்பா. மச்சான் படிச்சவரு, அவரு ஊத்தட்டும்" என்றார்.

அக்காவிடமே இருக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கையை நீட்டி, "குடுங்கக்கா" என்றேன்.

கொடுத்தார். எனக்குத் தாரையாக ஊற்றத் தெரியவில்லை. ஒரே கவிழ்ப்பில் பாதி அம்மன் மேலும் பாதி என் வேட்டியிலும் கொட்டியது. "கங்கம்மா ஒரே மடக்குல அடிச்சிட்டாடா!" என்று மாப்பிள்ளை கூவ, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, தப்பு அதிர்ந்தது, நானும் சிரித்தேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கடைக்கு வரவில்லை. கேட்டதற்கு, "மாடு கன்னு போடறாப்புல கீது" என்று சொல்லி அனுப்பினார். தம்பியும் மரம் ஏறவில்லை. "அக்கா சொன்னா ஏறுவேன்" என்றார்.

இருந்த கள்ளை வைத்துக்கொண்டு கடையைத் திறந்தோம். ஒவ்வொருவனும் தானே மொண்டு குடித்தான். என் கடை, என் மரம், நான் யாருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றான். அன்று ஞாயிற்றுக்கிழமை; எல்லை தாண்டி வந்தவர்கள் காசை யாரிடம் கொடுப்பது என்று கேட்க, நான்கு கைகள் நீண்டன. ஒரு பெஞ்சு உடைந்தது. மாப்பிள்ளை தானே மரம் ஏறுகிறேன் என்று பாதி வரை போய், அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று அலறினார். அக்காவின் தம்பிதான் வந்து இறக்கிவிட்டுப் போனார். பாளையைத் தினமும் சீவாவிட்டால் கள் வடிவது நின்றுபோகும். இன்னும் சில நாட்கள் போனால் நாங்கள் வாங்கியது வெறும் பனைமரங்கள்தான்.

தோப்பிலேயே கூட்டம் போட்டோம். என் தங்கை எழுந்து நின்றாள்.

"அண்ணா, அக்காவுக்கு ஏன் ஷேரு குடுக்கல?"

"கடையில வேல செய்யறவங்களுக்குக் கூடாதும்மா."

"நான் அதே கடைக்குத்தான் கருவாடு பொரிச்சுக் குடுக்கறேன். எனுக்கு எப்படிக் குடுத்த?"

அத்தனை முகமும் என் பக்கம். பொய் சொன்னேன் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்ததில்லை. எங்கள் ஜனங்கள்தான். கொஞ்சம் திட்டியிருப்பார்கள், மாப்பிள்ளை கேலி செய்திருப்பார், முடிந்திருக்கும்.

"அந்த விதிய மாத்திட்டாங்க. இப்பதான் ஆர்டர் வந்துது. அதச் சொல்லத்தான் நானும் வந்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து ஆடியது. என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எங்க மச்சான் கலெக்டராண்டயே பேசியிருப்பாரு!" என்று மாப்பிள்ளை கத்தினார். அப்படியே தப்போடு அக்கா வீட்டுக்குப் போனோம். என்னைக் கீழே இறக்கவேயில்லை.

அக்கா சாணிக் கையோடு வெளியே வந்தார். "இன்னாடா, எவனுக்குக் கல்யாணம்?"

"உனுக்குத்தான்க்கா! ஷேரு! சட்டத்த மாத்தி எழுதிட்டாங்க!"

அக்கா தலையை நிமிர்த்தித் தோள்மேல் இருந்த என்னைப் பார்த்தார். "நெஜமாவா தம்பி?"

"ஆமாக்கா."

"எனுக்காகப் போய்ப் பேசினியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அவர் தன் மனம்போல எடுத்துக்கொண்டார். உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். "என் தம்பிய ஏறச் சொல்லு" என்று ஒருவனை அனுப்பினார். "எந்தத் தடியன்டா பெஞ்ச ஒடச்சவன்?" என்று கேட்டுக்கொண்டே எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று தோப்புக்கு நடந்தார். இரண்டு பேர் ஓடி ஒளிந்தார்கள்.

அன்று மாலை கடையில் நிற்க இடமில்லை. யாரும் கையை உள்ளே விடவில்லை, எல்லோரும் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டுக் கொட்டகைக்குள் உட்கார வைத்து, கிளாஸை உப்புப் போட்டு இரண்டு தடவை விளக்கி, வழிய வழிய ஊற்றிக் கையில் கொடுத்தார். போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். உன் நைனாவுக்கு நான் ஓலையிலதான் ஊத்தினேன். அப்ப வேற வழியில்ல. இருந்தாலும் தப்புதான? எத்தினியோ நாளா மனசுல கெடந்து அரிச்சிக்கினே கீது. இப்ப நீ எனுக்காகப் போய் நின்னிருக்கற. அத்த நெனச்சா இன்னும் அசிங்கமா கீது. மனசுல வெச்சிக்காத."

வெளியே மாப்பிள்ளை பெருங்குரலில் பாடிக்கொண்டிருந்தார். என் தங்கை வாயை மூடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அக்கா தன் தப்பைச் சொல்லி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகாது.

"அதெல்லாம் போவட்டும் வுடுங்கக்கா" என்றேன். மன்னிக்கிறவன் போல.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனார். நான் குடித்து முடித்து, இன்னொரு கிளாஸ் கேட்டேன். அதற்கும் என்னிடம் அவர் காசு வாங்கவில்லை.